ஐ.என்.எஸ். ராஜ்புத்: ஒரே பெயர், இரண்டு கப்பல்கள்

கேள்வி, டிசம்பர் 4

1971ல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியை மூழ்கடித்த ஐ.என்.எஸ். ராஜ்புத் 2021ல்தான் ஓய்வு பெற்றது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய நாசகாரிக் கப்பல் வேறு எங்காவது உண்டா? இன்றைக்குக் கடற்படை தினம் கொண்டாடுவதும் அந்தச் சம்பவத்துக்காகத்தானே?

டிசம்பர் 4, இரவு

காஜி கதையில் வரும் ராஜ்புத் வேறு, 2021ல் விடைபெற்ற ராஜ்புத் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

முதல் ராஜ்புத், இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் கப்பல். எச்.எம்.எஸ். ராதர்ஹாம் என்ற பெயரில் கிளைட்பேங்கில் ஜான் பிரௌன் தளத்தில் கட்டப்பட்டு 1942ல் பணிக்கு வந்தது. 1949ல் இந்தியாவுக்குக் கைமாறி ராஜ்புத் ஆனது. ரிடவுட், ரெய்டர் என்ற அதன் சகோதரக் கப்பல்கள் ரஞ்சித், ராணா என்ற பெயர்களோடு வந்து சேர்ந்தன. பழைய ராஜ்புத்தின் பக்கவாட்டு எண் டி141. 1976ல் உடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ராஜ்புத், சோவியத் யூனியனின் நிக்கோலாயெவ் நகரில் 61 கம்யூனார்ட்ஸ் கப்பல்தளத்தில் கட்டப்பட்டது. 1976 செப்டம்பரில் அடித்தளம், 1977 செப்டம்பரில் வெள்ளோட்டம், 1980 மே 4ல் பணியேற்பு, 2021 மே 21ல் ஓய்வு. பக்கவாட்டு எண் டி51. கணக்கு 41 வருஷம். 1971 டிசம்பரில் இதற்கு ஒரு தகடுகூட வெட்டப்படவில்லை.

ஓய்வு பெற்ற கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு வைப்பது கடற்படையில் வழக்கம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 2021ல் வந்த செய்திகள் சிலவற்றில் காஜியை மூழ்கடித்த கப்பலுக்குப் பிரியாவிடை என்றே எழுதினார்கள். அது தவறு. இரண்டு கப்பலுக்கும் செய்த அநியாயமும்கூட.

டிசம்பர் 5

கடற்படை தினம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் 4 கராச்சித் தாக்குதலின் நினைவு. நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் அன்றிரவு கராச்சிக்கு வெளியே கைபர் என்ற நாசகாரியை மூழ்கடித்தன. காஜி மூழ்கியது அதற்கு முந்தைய இரவில், 3ஆம் தேதி கழிந்து 4 பிறக்கும் வேளையில், வங்காள விரிகுடாவில். தேதி ஒட்டி வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

டிசம்பர் 6

காஜி மூழ்கிய இரவைக் கொஞ்சம் விரிவாக.

இந்தியாவின் விமானம்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கு அந்த வருஷம் பாய்லர் பிரச்சினை. நான்கு பாய்லர்களில் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது. வேகம் குறைந்த விமானம்தாங்கிக் கப்பல் நீர்மூழ்கிக்கு லட்டு மாதிரி. காஜி 1971 நவம்பர் 14ல் கராச்சியிலிருந்து கிளம்பியதும் விக்ராந்தைக் குறிவைத்துத்தான். அமெரிக்காவில் யு.எஸ்.எஸ். டயாப்லோவாக இருந்த டெஞ்ச் வகை நீர்மூழ்கி அது, சுமார் 95 மீட்டர் நீளம். பாகிஸ்தானிடம் இருந்தவற்றில் வங்காள விரிகுடா வரை போய்ச் சண்டையிடும் தூரம் அதற்குத்தான் இருந்தது.

கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமானில் ஒளித்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாகக் காட்ட முடிவு செய்தார். அந்த வேஷம் கட்டியது பழைய ராஜ்புத். சேவையின் கடைசிக் கட்டத்தில் இருந்த கப்பல். வெளிக்கடலில் நின்றுகொண்டு, ஒரு விமானம்தாங்கிக் கப்பல் அனுப்பும் அளவுக்கு வயர்லெஸ் செய்திகளைக் கொட்டியது. கரையில் பெரிய கப்பல் ஒன்றுக்குத் தேவைப்படும் அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் செய்யப்பட்டன. ஊரில் பேச்சு பரவ வேண்டும் என்பதற்காகவே.

1961 கோவா நடவடிக்கையில் விக்ராந்தோடு துணைக்குப் போன கப்பல்களில் இந்த ராஜ்புத்தும் உண்டு. பத்து வருஷம் கழித்து அதே விக்ராந்தாக நடித்தது.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் ராஜ்புத் துறைமுகக் கால்வாயை விட்டு வெளியேறியது. துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டி வந்த பைலட் இறங்கியதும், நீர்மூழ்கி வாசலிலேயே காத்திருக்கலாம் என்ற கணிப்பில் இந்தர் சிங் வேகத்தைக் கூட்டினார். வலப்பக்கக் கண்காணிப்பாளர் நீரில் ஏதோ கலங்குவதாகக் குரல் கொடுத்தார். கப்பல் திரும்பி இரண்டு டெப்த் சார்ஜ்களை, அதாவது நீருக்கடியில் வெடிக்கும் பீப்பாய்க் குண்டுகளைப் போட்டது. எதுவும் மேலே வரவில்லை. ராஜ்புத் தன் வழியில் போய்விட்டது. பிறகு கரையில் ஜன்னல்கள் அதிரும் அளவுக்கு ஒரு வெடிச்சத்தம். சிதறிய பொருள்களை மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்தபின்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

டிசம்பர் 8

"இரண்டே டெப்த் சார்ஜில் அவ்வளவு பெரிய நீர்மூழ்கி போய்விடுமா?" நியாயமான கேள்வி.

அந்தக் கால பிரிட்டிஷ் மார்க் 7 வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு பீப்பாயில் சுமார் 130 கிலோ வெடிமருந்து. உள்ளே நீரழுத்தத்தில் இயங்கும் பிஸ்டல் என்ற வெடிவிசை. எத்தனை அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று போடுவதற்கு முன் கையால் திருகி வைக்க வேண்டும். குறைந்தபட்ச அமைப்பு 50 அடி, அதாவது 15 மீட்டர். பீப்பாய் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மூழ்கும். ஆகவே நீரைத் தொட்ட ஐந்தாறு நொடியில் வெடி.

அந்த ஐந்து நொடியில் நம் கப்பல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்? 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர், மொத்தம் 25 மீட்டர். 130 கிலோ வெடி 25 மீட்டர் பின்னால் வெடித்தால் சொந்தப் பின்புறம் அடிவாங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வளையலாம், ஸ்டியரிங் கழன்றுபோகலாம். 18 நாட் என்றால் 46 மீட்டர், ஓரளவு தப்பிக்கலாம். கரையோரத்தில் டெப்த் சார்ஜ் போடுபவர் முதலில் வேகத்தைப் பிடிப்பது இதனால்தான். இந்தர் சிங் வேகம் எடுத்ததில் இரண்டு லாபம்: நீர்மூழ்கி தன் டார்பிடோவை (நீருக்கடியில் பாயும் குண்டு) குறிவைப்பது கடினமாகும், டெப்த் சார்ஜ் போடவும் வசதி.

கொல்லும் தூரம் இன்னொரு விஷயம். நீர்மூழ்கியின் உடலைக் கிழிக்க இந்த அளவு வெடி ஆறேழு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் விளக்கு உடையும், வால்வு கசியும், பாட்டரி செல் விரிசல் விடும், ஆனால் நீர்மூழ்கி பிழைத்துக்கொள்ளும். உலகப்போரில் ஒரே தாக்குதலில் பத்துப் பதினான்கு பீப்பாய்களை விரித்துப் போட்டது அதற்காகவே. கண்ணால் கண்ட ஒரு சலசலப்பை வைத்து இரண்டு பீப்பாய் போட்டு நேரடியாகக் கொல்வது அபூர்வம். அபூர்வம் என்றால் நடக்காது என்று அர்த்தமில்லை.

இங்கேதான் வாதம் பிரிகிறது. இந்தியத் தரப்பு, ராஜ்புத் போட்ட டெப்த் சார்ஜால்தான் என்கிறது. பாகிஸ்தான் தரப்பு, உள்ளே நடந்த விபத்து அல்லது காஜி தானே விதைத்த கண்ணிவெடி என்கிறது. நீர்மூழ்கியின் முன்பகுதி, டார்பிடோ அறைப் பக்கம், சிதைந்திருந்த விதத்தைப் பார்த்தவர்கள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வெடித்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவதாக ஹைட்ரஜன் வாதமும் உண்டு. டீசல்-மின் நீர்மூழ்கியில் ஈய-அமில பாட்டரிகளை சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அதன் அளவு 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு தீப்பொறி போதும். காற்றோட்ட விசிறி நின்றாலோ, சார்ஜ் முடிந்தவுடன் அவசரமாக மூழ்கினாலோ வாயு உள்ளேயே தேங்கும்.

என் பார்வையில், டெப்த் சார்ஜா உள்வெடிப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வதே சரியில்லை. தலைக்கு மேல் நாசகாரி வரும் சத்தம் கேட்டு அவசரமாக மூழ்கிய நீர்மூழ்கி, முன்னறையில் டார்பிடோவும் கண்ணிவெடியும், பக்கத்தில் இரண்டு வெடிகளின் அதிர்ச்சி. ஒன்று இன்னொன்றைத் தூண்டியிருக்க இடமுண்டு. இதற்கு மேல் உறுதியாகச் சொல்லும் யாரையும் நான் நம்பமாட்டேன்.

டிசம்பர் 9

மேலே சொன்னதோடு ஒன்று. அந்தப் போர் பற்றிய கிழக்குப் பிராந்திய ஆவணங்கள் பல பின்னாளில் அழிக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. 2024ல் கடற்படையின் ஆழ்நீர் மீட்பு ஊர்தி சிதைவைக் கண்டறிந்ததாகவும், அதில் இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டதாகவும் செய்திகள் வந்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருக்கிறார்கள். தொடாமல் விட்டதே சரி.

டிசம்பர் 13

இனி இரண்டாவது ராஜ்புத். இதற்குச் சொந்தமாகவே பெருமை நிறைய இருக்கிறது, காஜியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

ஜார்ஜியாவில் உள்ள போட்டி (Poti) என்ற துறைமுகத்தில் பணியேற்பு. சோவியத் யூனியனுக்கான அன்றைய இந்தியத் தூதர் ஐ.கே. குஜ்ரால், பின்னாளில் பிரதமரானவர், தலைமை தாங்கினார். முதல் கமாண்டிங் ஆபீசர் கேப்டன் குலாப் மோகன்லால் ஹிராநந்தானி. 1971ல் மேற்குக் கடற்படைத் தொகுதியின் ஆபரேஷன்ஸ் ஆபீசராகக் கராச்சித் தாக்குதல் திட்டத்தில் இருந்தவர். வைஸ் அட்மிரலாக ஓய்வு பெற்றபின் இந்தியக் கடற்படையின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார்.

வடிவம், காஷின் என்ற சோவியத் நாசகாரி வகையை இந்தியாவுக்காகத் திருத்தியது. நீளம் 147 மீட்டர், முழுச்சுமையில் ஏறக்குறைய 5,000 டன். சோவியத் காஷினில் பின்பக்கம் இருந்த 76 மி.மீ. பீரங்கியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹெலிகாப்டரை நிறுத்தும் அறையான ஹேங்கர் வைத்தார்கள். தளத்துக்குக் கீழே ஹேங்கர், லிஃப்டில் இறக்கி ஏற்ற வேண்டும். கப்பலின் உயரம் கூடாது, மேற்பாரம் குறையும். ஆனால் லிஃப்ட் சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். உப்புக்காற்று படும் கடைக்கோடியில் ஹைட்ராலிக் லிஃப்டைப் பராமரிப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

ஏவுகணை லாஞ்சர்களும் இடம் மாறின. சோவியத் கப்பல்களில் பின்னோக்கி இருந்தவை இந்தியக் கப்பலில் பிரிட்ஜுக்கு (கப்பலை இயக்கும் மேலறை) இருபுறமும் முன்னோக்கி வைக்கப்பட்டன. பழைய படங்களில் இது சோவியத் காஷினா நம்முடையதா என்று சந்தேகம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

டிசம்பர் 14

இன்ஜின்தான் இதில் பெரிய விஷயம், அதனால் தனியாக.

பழைய ராஜ்புத் நீராவிக் கப்பல். இரண்டு பாய்லர், கியருடன் கூடிய டர்பைன், 40,000 குதிரைத்திறன். குளிர்ந்த பாய்லரில் நீராவி ஏற்றிக் கிளம்ப மணிக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் குழாய் இணைப்புகள் சீரில்லாமல் விரிந்து கசியும். புதிய ராஜ்புத் நான்கு கேஸ் டர்பைன், இரண்டு ஷாஃப்ட், மொத்தம் 72,000 குதிரைத்திறன். குளிர்ந்த நிலையிலிருந்து சில நிமிடங்களில் கிளம்பலாம்.

ஒரு ஷாஃப்டுக்கு ஒரு டர்பைன் வைத்து ஓட்டினால் சக்தி பாதி. வேகமும் பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியைப் போல ஏறுவதால், பாதி சக்தியில் வேகம் சுமார் 79 சதவீதம் கிடைக்கும். உச்சம் 35 நாட் என்று வைத்தால் 27, 28 நாட். கடைசி ஏழு நாட்டுக்காகத்தான் மீதி இரண்டு டர்பைன். கேஸ் டர்பைன் குறைந்த சுமையில் எரிபொருளை வீணாக்கும். நான்கையும் இளஞ்சூட்டில் ஓட்டுவதைவிட இரண்டை நல்ல சுமையில் ஓட்டி, மணிக்கணக்கு சமமாகும்படி ஜோடியை மாற்றிக்கொண்டே வருவதுதான் சரியான முறை.

கெடுவது எப்படி? உப்பு. டர்பைன் குடிக்கும் காற்றில் உப்புத்துளி வந்தால் கம்ப்ரெஸர் பிளேடில் படியும். காற்றோட்டம் குறையும், அதே சக்திக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். கவனிக்காவிட்டால் கம்ப்ரெஸர் சர்ஜ் ஆகும், அதாவது காற்று பின்னோக்கித் திரும்பும், பெரிய இருமல் போல ஒரு சத்தம் கேட்கும். இன்னும் மோசம், உப்பிலுள்ள சோடியமும் எரிபொருளிலுள்ள கந்தகமும் சேர்ந்து சூடான டர்பைன் பிளேடின் பூச்சை அரிப்பது. வைத்தியம் எளிது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும்: இன்ஜினை ஆறவிட்டு, எரிபொருளை மூடி, ஸ்டார்ட்டரில் மட்டும் சுழற்றி, உப்பு நீக்கிய நன்னீரைத் தெளித்துக் கழுவுவது, ஊறவிட்டு மறுபடி அலசுவது, பிறகு உலரும்வரை சுழற்றுவது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதல் கழுவலில் சோப்புக் கரைசல். கழுவியபின் அதே சக்தியில் வெளிவாயு வெப்பம் எத்தனை டிகிரி இறங்கியது என்று குறித்து வைத்தால், அடுத்த கழுவல் எப்போது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

டிசம்பர் 14, பிற்பகல்

ஒன்று விட்டுப்போனது. பாய்லரை உள்ளேயே உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள். கேஸ் டர்பைனை அப்படியே மேலே தூக்கி எடுத்து, வேறொன்றை இறக்கிவிட்டு, பழையதைத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். ஆகவே கையிருப்பில் உதிரி டர்பைன் இருந்தால் மட்டுமே இந்த முறை ஓடும்.

1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது சிக்கல் இங்கே வந்து நின்றது. கப்பலைக் கட்டிய தளமும் டர்பைன் செய்த ஆலையும் நிக்கோலாயெவில், அதாவது உக்ரைனில். ஏவுகணைகளுக்குப் பொறுப்பானவர்கள் ரஷ்யாவில். முன்பு ஒரே அரசிடம் ஒரே பட்டியலாகக் கேட்டதை இப்போது இரண்டு நாடுகளிடம் பிரித்துக் கேட்க வேண்டியதாயிற்று. 2000ல் விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். ஏக்சிலா என்ற கேஸ் டர்பைன் ஓவர்ஹால் மையம் வந்ததன் அருமை இந்தப் பின்னணியில்தான் புரியும். ராஜ்புத் 41 வருஷம் ஓடியதற்கு வீரக்கதைகளைவிட இந்த மாதிரி ஒர்க்‌ஷாப்புகள்தான் காரணம். அவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டிசம்பர் 19

ஏவுகணை பற்றிக் கேட்டவருக்கு.

ஆரம்பத்தில் இருந்தது பி-20எம் என்ற சோவியத் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை நான்கு. திரவ எரிபொருள். ஒரு தொட்டியில் அமீன் கலவை, இன்னொன்றில் நைட்ரிக் அமிலம் சார்ந்த ஆக்சிஜனேற்றி. இரண்டும் தொட்டாலே பற்றும், தீக்குச்சி வேண்டாம். எரிபொருள் நிரப்புவது கரையில், முழு ரப்பர் உடையும் முகமூடியும் போட்டு, தண்ணீர்க் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு. நிரப்பியபின் இத்தனை காலம்தான் வைக்கலாம் என்று கெடு உண்டு, கசிவைத் தடுக்கும் சீல்களை அமிலம் அரிக்கும். காலம் கடந்தால் இறக்கி, வடித்து, கழுவி, மறுபடி முதலிலிருந்து.

பிரம்மோஸ் வந்ததும் இந்தத் தலைவலி போயிற்று. தொடக்க வேகத்துக்குத் திட பூஸ்டர், பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ராம்ஜெட். எல்லாம் சீல் வைத்த உறைக்குள். கப்பலில் யாரும் அமிலம் தொட வேண்டாம். வேகம் மேக் 2.8 (ஒலியைப்போல 2.8 மடங்கு), அன்று அறிவிக்கப்பட்ட தூரம் 290 கி.மீ. பி-20எம் ஒலியைவிட மெதுவானது, தூரம் 80 கி.மீ. அளவில்.

ராஜ்புத்தில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு பி-20எம் லாஞ்சர்களைக் கழற்றி, அந்த இடங்களில் இரட்டைப் பெட்டி லாஞ்சர்களைச் சாய்வாகப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு பிரம்மோஸ். பாரக் கணக்கைப் பாருங்கள். போனது பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை டன் ஏவுகணை. வந்தது உறையோடு சேர்த்து ஒவ்வொன்றும் 4 டன்னுக்குச் சற்றுக் குறைவான இரண்டு. மேல்தளத்தில் பாரம் கூடினால் கப்பல் சாய்ந்து எழும்பும் நேரம் நீளும், ஆகவே நிலைப்புத்தன்மைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும், தளத்துக்குக் கீழே தாங்கு விட்டம் சேர்க்க வேண்டும், பூஸ்டரின் தீ எதன்மேல் படும் என்று பார்க்க வேண்டும்.

பிரம்மோஸின் ஆரம்பக் கடல் சோதனைகள் இந்தக் கப்பலிலிருந்துதான் நடந்தன. 2008 மார்ச் 5ல் தரை இலக்கைத் தாக்கிக் காட்டியதும் ராஜ்புத். அதே வருஷம் டிசம்பர் 18ல் கப்பலிலிருந்து முதல் செங்குத்து ஏவல் நடந்தது சகோதரக் கப்பல் ரண்வீரில், அதையும் ராஜ்புத் கணக்கில் எழுதாதீர்கள். வயதான ஒரு கப்பல், அடுத்த தலைமுறைக் கப்பல்கள் எல்லாம் சுமக்கப்போகும் ஆயுதத்துக்குப் பரிசோதனை மேடையானது. என்னைக் கேட்டால் டி51ன் வரலாற்றில் முதலில் எழுத வேண்டிய வரி இது.

டிசம்பர் 20

விமான எதிர்ப்பு பற்றிச் சுருக்கமாக: முன்னும் பின்னும் வோல்னா என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைக்கு ஒவ்வொரு இரட்டைக்கை லாஞ்சர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டு ராடார். ஒரு ராடார் ஒரு நேரத்தில் ஓர் இலக்கைத்தான் பிடிக்கும். இரண்டுக்கு மேல் ஒன்றாக வந்தால் மூன்றாவதை 30 மி.மீ. துப்பாக்கிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1980ல் அது போதுமானது, 2010ல் போதாது.

டிசம்பர் 23

"ஈழப் போர்க்காலத்தில் ராஜ்புத் பாக் நீரிணையில் நின்றதா?"

இந்திய அமைதிப்படைக்கு உதவிய ஆபரேஷன் அமன், இலங்கைக் கரைக்கு வெளியே ரோந்து சுற்றிய ஆபரேஷன் பவன், இரண்டிலும் ராஜ்புத் இருந்தது என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவிப்பே சொல்கிறது. ஆனால் பாக் நீரிணைக்குள் ஒரு நாசகாரியைச் சுற்றவிட முடியாது. கப்பல் நீரில் அமிழ்ந்திருப்பதே ஏறக்குறைய 5 மீட்டர், நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார் கருவியின் முகடு அதற்கும் கீழே. மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆழமற்ற பகுதி அது. விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை போகும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். உள்ளே சிறு ரோந்துப் படகுகள், வெளியே ஆழ்கடலில் பெரிய கப்பல்கள். வேலைப் பங்கீடு அப்படித்தான் அமையும்.

மாலத்தீவு பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை இந்தியா முறியடித்த 1988 ஆபரேஷன் காக்டஸ் பட்டியலில் ராஜ்புத் உண்டு. ஆனால் பிணைக்கைதிகளோடு தப்பிய புராக்ரஸ் லைட் கப்பலை மடக்கியவை கோதாவரி, பேட்வா என்ற வேறு இரண்டு இந்தியப் போர்க்கப்பல்கள். லட்சத்தீவுப் பக்கம் நடந்த ஆபரேஷன் க்ரோஸ்நெஸ்டிலும் ராஜ்புத் இருந்தது.

டிசம்பர் 27

இந்தக் கேள்வி-பதில் இழையில் யாரோ போட்ட கறுப்பு-வெள்ளைப் படம் டி141தான், சந்தேகமில்லை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு ஒற்றைப் பீரங்கிகள், நடுவில் ஒரே புகைபோக்கி. டி51ல் ஜோடி ஜோடியாக நான்கு புகைபோக்கிகள், முன்னே ஒரே ஓர் இரட்டைப் பீரங்கி, அதன் பின்னால் வோல்னா லாஞ்சரின் இரண்டு கைகள். எண் அழிந்திருந்தாலும் புகைபோக்கியை எண்ணினால் போதும்.

டிசம்பர் 28

கடைசியாகக் கேட்டது: ஓய்வு விழா ஏன் யாருக்கும் தெரியாமல் நடந்தது? 2021 மே, கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம். விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில், உள்ளூரில் பணியிலிருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் மட்டும் கலந்துகொள்ள, சூரியன் மறையும் வேளையில் கொடியையும் பணியேற்பு நாடாவையும் இறக்கினார்கள். மேற்கு, கிழக்கு இரண்டு கடற்படைத் தொகுதிகளிலும் ஓடிய கப்பல், 31 கமாண்டிங் ஆபீசர்களைக் கண்டது. இந்தியத் தரைப்படையின் ஒரு ரெஜிமென்டோடு, ராஜ்புத் ரெஜிமென்டோடு, இணைக்கப்பட்ட முதல் கடற்படைக் கப்பலும் இதுவே. சகோதரக் கப்பல் ரஞ்சித் இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2019 மே 6ல், அதே விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றிருந்தது.